கொண்டைக்காரியும் என் கண்ணும்

செத்தாலும் உன் முகத்தில் முழிக்கமாட்டேன் என்று சொல்லி, சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டுப் போன என் அருமை லூர்தக்காவுக்கு,

உன் தங்கை எமில்டா எழுதுகிறேன். எமில்டா என்றால் உனக்குச் சட்டென்று விளங்காது. பங்குச் சுவாமியும் அரசாங்கக் கந்தோர்க்காரரும்தான் என்னை அப்படிக் கூப்பிடுவார்கள். உனக்கு நான் பேபி. தலை நரைத்து, கண்ணாடி போட்டு, மூட்டு வலிக்குத் தைலம் பூசுகிற வயதிலும் பேபி.

உன் முப்பத்தோராம் நாளுக்கு அத்தான் நினைவு மலர் அடித்தார். அட்டையில் நீ நீலச் சேலையில் சிரித்துக்கொண்டிருந்தாய். உன் சம்பந்தி எழுதியிருந்தா, பக்கத்து வளவு பிலோமினா எழுதியிருந்தாள், உனக்கு ஊசி போட்ட மிஸிகூட இரண்டு வரி எழுதியிருந்தா. என்னை ஒருவரும் கேட்கவில்லை. அதனால் எனக்குச் சொல்ல இருப்பதை இங்கே, ஊரே கேட்கும்படி சொல்கிறேன். நீயும் என்னைச் சொன்னது ஊரே கேட்கும்படிதானே?

முதலில் ஒரு புதினச் செய்தி. உன் தாராக்களைக் கொழும்பு ஆட்கள் படம் எடுத்தார்கள்.

நான் சமைக்கும் விருந்தினர் விடுதி மன்னார் ரவுணுக்குள் இருக்கிறது, நீ ஒருநாளும் எட்டிப் பார்க்காத இடம். மாரி தொடங்கினால் பூநாரை பார்க்கவென்று ஆட்கள் வந்து இறங்குவார்கள். விடிய முதல் எழும்பி, கழுத்தில் தூரக்கண்ணாடியைத் தொங்கப்போட்டுக்கொண்டு உப்புச் சேற்றில் போய் நிற்பார்கள். பிறகு பசியோடு வந்து, இடியப்பத்தைச் சொதியில் குழைத்துக்கொண்டே எதை எதைக் கண்டோம் என்று சண்டை பிடிப்பார்கள். புத்தகங்களில் வாத்து என்று எழுதியிருப்பதையும் அவர்கள் நம்மைப் போலத் தாரா என்றே சொல்வதில் எனக்கு ஒரு சின்னச் சந்தோசம்.

போன மாரியில் அப்படி வந்த கூட்டத்தில் வங்கியில் வேலை செய்யும் ஒருவர் இருந்தார். பறவை பார்ப்பதற்குப் புதியவர். அவர் ஓடிவந்தார், சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கிற நகரக் குளத்தில், புத்தகத்திலேயே இல்லாத இரண்டு தாராக்களைக் கண்டுவிட்டாராம். வடதுருவத்துப் பக்கமிருந்து வழிதவறி வந்திருக்கும் என்றார். மேசையைச் சுற்றி எல்லோரும் எழும்பி அவர் போனுக்குள் தலையை விட்டார்கள்.

அந்தக் கூட்டத்துக்குத் தலைவி ஒரு மிஸ். யாழ்ப்பாணத்துக்காரி, கொழும்பில் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படிப்பிக்கிறவ. இரக்கம் என்பதை அவவுக்கு ஒருவரும் படிப்பிக்கவில்லை. படத்தை ஒருதரம் பார்த்தா, திரும்ப இடியப்பத்துக்குப் போய்விட்டா.

"வீட்டுத் தாரா. ஆரோ கொண்டுவந்து விட்டிருக்கினம். கணக்கில வராது."

"மிஸ், தலையைப் பாருங்கோ. கொண்டை!"

"கொண்டைதான் சொல்லுது. காட்டில எந்தத் தாராவுக்கும் இப்பிடிப் பந்து மாதிரிக் கொண்டை இல்லை. மனுசர் ஆசைப்பட்டு வளர்த்து எடுத்தது. பக்கத்தில நிக்கிறதுக்குத் தகப்பன் சிவப்பு முகத்து மணிலாத் தாரா, தாய் சாதாரண வெள்ளைத் தாரா. கழுதைக்கும் குதிரைக்கும் பிறந்தது மாதிரி. அது குஞ்சு பொரிக்காது. தின்னும், நடக்கும், சாகும்."

வங்கிக்காரரின் முகம் சுண்டிப்போனது. நான் சம்பல் கிண்ணத்தோடு அவர் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தேன்.

அக்கா, உன் கொண்டைக்காரி. வெள்ளை உடம்பு, தலையில் பஞ்சுப் பந்து, ஒரு பக்கம் கொஞ்சம் சரிந்து. வலது சிறகு நேர்கோடாக வெட்டியிருந்தது. பறந்துவிடும் என்று பயந்து ஒரு பக்கச் சிறகை மட்டும் நீ கத்தரிப்பாய். தரையில் ஓடவே தெரியாததற்கும் கத்தரித்துவிட்ட ஆள் நீ. உன் கத்தரிக்கோல் வேலையை எனக்குத் தெரியாதா? சின்ன வயதில் என் தலைமயிரையும் அந்தக் கோட்டில்தானே வெட்டினாய்.

பக்கத்தில் நின்றது பேபி. நான் அல்ல, மற்றது. உன் வளவில் முட்டை இடாமல் திரிந்த அந்தப் பெட்டைக்கு நீ என் பெயரை வைத்தாய். வருகிறவர்கள் போகிறவர்களுக்கெல்லாம் சொல்லிச் சிரிப்பாய்: "தின்னுறது மட்டும்தான், இடுறது ஒண்டுமில்லை. அதுதான் பேபி எண்டு வைச்சனான்." ஒருமுறை நான் வேலிப் படலையடியில் நிற்கும்போதே சொன்னாய். நானும் சிரித்தேன். வேறென்ன செய்ய?

இந்தத் தாராக்களால்தான் நீயும் நானும் பிரிந்தோம். வாசிக்கிற ஆட்களுக்கு அது தெரியவேண்டும்.

நானாட்டானில் வயல் செய்கிற ஒருவரிடம் நீ கொண்டை வைத்த ஒரு சோடி வாங்கி வந்தாய். நம் ஊர் தாழ்வுபாட்டில் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த பெண்கள் காகத்தைக் கருவாட்டுக்குக் காவல் வைத்துவிட்டு உன் வளவுக்கு ஓடிவந்தார்கள். நானும் வந்தேன். எல்லோரும் பார்த்துவிட்டு "ஐயோ, என்ன கோலமிது" என்று இழித்துச் சொன்னார்கள். அப்படித்தானே சொல்லவேண்டும்? வடிவான ஒன்றைக் கண்டால் வடிவென்று சொல்லக்கூடாது என்பது இந்தக் கரையில் பால்குடிக்கும் பிள்ளைக்கும் தெரியும். நான் என்னை மறந்து, "அக்கா, என்ன வடிவு!" என்றேன். அந்த ஒரு சொல்தான்.

முதல் அடையில் ஒரு பங்கு முட்டை பொரிக்கவில்லை. நீ உடைத்துப் பார்த்தாய். உள்ளே குஞ்சு இருந்தது, கண்ணை மூடியபடி, செத்து. உடனே செத்தல் மிளகாயும் உப்பும் எடுத்து தாரா முட்டையை அடைகாத்த அடைக்கோழியைச் சுற்றி அடுப்பில் போட்டாய். கோயிலில் இருந்து தீர்த்தம் கொண்டுவந்து தெளித்தாய். அடுத்த அடை வைத்தபோது என்னை வளவுக்குள் விடவில்லை. அப்போதும் ஒரு பங்கு செத்தது. நான் வராமலே செத்தது என்றால், கொஞ்சம் யோசிக்கவேண்டாமா? நீ யோசித்தாய்தான். வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்திருப்பாள் என்று யோசித்தாய்.

பிறகு கிடுகு வேலியை உயர்த்தினாய்.

டிலக்சிக்கு முதல் கரு தங்கியபோது நான் பயற்றம் பணியாரம் சுட்டுக்கொண்டு வந்தேன். உன் மகள் எனக்கும் மகள்தானே, நான் தூக்கி வளர்த்த பிள்ளை. படலையில் நீ பெட்டியை வாங்கினாய், அவள் கன்னத்தை நான் தடவிவிட்டுப் போனேன். அந்த மாதமே கரு கலைந்தது. விசாரிக்க ஓடிவந்தேன். நீ படலையைத் திறக்கவில்லை. பிலோமினாவும், அவள் வீட்டுக்கு வந்த ஆட்களும், ஓட்டோவில் எனக்காகக் காத்துக்கொண்டிருந்த என் மனுசன் அன்ரனும் கேட்கும்படி சொன்னாய்:

"பிள்ளை பெறாதவளின்ர கண் இது. கோதுக்குள்ள கிடக்கிறதையும் விடாது, வயித்துக்குள்ள கிடக்கிறதையும் விடாது. இனி இந்தப் பக்கம் வராத."

அன்ரன் அன்று சோறு தின்னவில்லை. பிள்ளை இல்லை என்று அவர் ஒருநாளும் என்னைக் குத்திப் பேசியதில்லை, அக்கா. அதை நீ செய்தாய். சண்டைக்குப் பயந்து மடுக் கோயிலில் இடம்பெயர்ந்து கிடந்த காலத்தில் உன் பங்குக் கஞ்சியை என் கோப்பைக்குள் ஊற்றிவிட்டு, பசிக்கவில்லை என்று பொய் சொன்னவளும் நீதான். இரண்டு பேரும் ஒரே ஆள் என்று நம்ப எனக்கு இன்றைக்கும் கஷ்டமாக இருக்கிறது.

அதற்குப் பிறகு ஊரில் நான் போன இடமெல்லாம் பிள்ளைகளைச் சேலைத்தலைப்பால் மூடினார்கள். கடையில் பப்பாசிப்பழத்தைத் தொட்டால் கடைக்காரி வேறொன்றை எடுத்துத் தந்தாள். கடைசியில் உனக்குச் சிறுநீரகம் பழுதாகி ஆசுப்பத்திரியில் கிடந்தபோது வந்தேன். நீ சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாய். அடுத்த நாள் நீ இல்லை. அதற்கும் நான் வந்து பார்த்ததுதான் காரணம் என்று உன் சம்பந்தி சொன்னாவாம். உன்னைப் புதைத்த அன்று மண் போடும் இடத்தில் எனக்கு இரண்டடி இடைவெளி விட்டு நின்றார்கள். நெரிசலில்லாமல் அழ முடிந்தது.

சரி, சம்பல் கிண்ணத்துக்கு வருகிறேன். கிண்ணத்தை மேசையில் வைத்துவிட்டுக் கேட்டேன்:

"மிஸ், இந்தக் கொண்டைத் தாராவின்ர முட்டையில கொஞ்சம் பொரிக்காமலே சாகுமோ?"

அவ நிமிர்ந்து பார்த்தா. "ஏன் கேக்கிறீங்கள்?"

"தெரிஞ்ச ஆள் ஒராள் வளர்த்தவ."

"கொண்டைக்குக் கொண்டையைச் சோடி போட்டவவோ?"

"ஓம். சோடிக்குக் கொண்டையில்லாததைக் கிட்டவும் விடமாட்டா."

"அப்ப சாகத்தான் செய்யும். தாயிட்ட இருந்தும் தகப்பனிட்ட இருந்தும் கொண்டை வந்து சேர்ந்த குஞ்சு உயிரோட வெளியில வராது. கோதுக்குள்ளயே முடிஞ்சிடும். எத்தினை அடை வைச்சாலும் ஒரு பங்கு போகும். ஒரு பக்கம் கொண்டையில்லாததை விட்டிருந்தா இந்தச் சாவு வந்திராது."

"கண் பட்டுச் சாகாதோ, மிஸ்?"

மேசை முழுக்கச் சிரித்தது. வங்கிக்காரரும் சிரித்தார், தன் அவமானம் வேறொருவருக்குக் கைமாறிய நிம்மதியில். "கண்ணுக்கும் முட்டைக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டுவிட்டு மிஸ் இன்னும் கொஞ்சம் சொதி கேட்டா.

நான் குசினிக்குள் போய் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சந்தோசம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. ஆத்திரம் வந்தது. இத்தனை வருடமும் என்னைச் சுட்டது ஒரு தாராவின் சோடிப் பொருத்தம். கொண்டைதான் வேண்டும், கொண்டைக்குக் கொண்டைதான் வேண்டும் என்று நீ பிடித்த அடம். ஒவ்வொரு அடையிலும் சாவை நீயே உன் கையால் முட்டைக்குள் வைத்து, அடைக்கோழியின் கீழ் தள்ளி, தீர்த்தமும் தெளித்திருக்கிறாய்.

உனக்கு இதைச் சொல்லவேண்டும் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகுதான் நீ செத்தது நினைவுக்கு வந்தது. இதற்கென்றே கொஞ்சம் முந்திச் செத்தாயோ?

மத்தியானச் சமையல் முடிந்ததும் குளத்தடிக்குப் போனேன். சுற்றிவர நடைபாதை, ஆட்கள் இருக்கிற சீமெந்து வாங்குகள், தண்ணீரில் மிதக்கும் சொக்லேட் தாள்கள். இரண்டு கழுதைகள் வேலியோரம் புல் கடித்துக்கொண்டிருந்தன. உன் தாராக்கள் கரையோரமாக ஒட்டிக்கொண்டு நின்றன. நீ விட்டுப்போன கூட்டத்தில் பாதிகூட இல்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்த பெட்டைகள் பாண் துண்டு எறிந்து சிரித்தார்கள். நீ கூப்பிடுகிற மாதிரி "தா, தா, தா" என்றேன். எல்லாம் தலையைத் தூக்கின. கொண்டைக்காரி தள்ளாடித் தள்ளாடி என் காலடிக்கு வந்தாள். என் குரல் உன் குரல் மாதிரியாம், முன்பு எல்லோரும் சொல்வார்கள். பாவம், ஏமாந்துவிட்டாள்.

அங்கிருந்தே அத்தானுக்குப் போன் எடுத்தேன்.

"அத்தான், அக்காவின்ர தாராவை என்ன செய்தனீங்கள்?"

"பிள்ளை பேறுக்கு வந்து நிக்கிறாள். நாத்தம் தாங்கேலாமக் கிடக்கெண்டாள். உரப்பையில போட்டுக் கொண்டுபோய்க் குளத்தில விட்டனான்."

"ஆருக்காவது குடுத்திருக்கலாமே?"

"லூர்துவின்ர சாமானைப் பிறத்தியாருக்குக் குடுக்க மனம் வரேல்லை, பேபி. அறுக்கவும் மனம் வரேல்லை."

உன் மனுசனின் மனதைப் பார்த்தாயா, அக்கா? கொடுக்க வரவில்லை, அறுக்க வரவில்லை, தெருநாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய் விட மட்டும் வந்தது. அதுவும் முப்பத்தோராம் நாள் பூசை முடிந்த கையோடு, மோட்டார்சைக்கிளில்.

டிலக்சிக்குத் திரும்பவும் வயிறு என்பதை அப்படித்தான் அறிந்தேன். எனக்கு ஒருவரும் சொல்லவில்லை, உன் அடக்கத்திலும் அவளை என் கண்ணில் காட்டவில்லை. அந்த இடத்திலேயே ஒரு முடிவு எடுத்தேன். கொண்டைக்காரியை அள்ளிக்கொண்டு, மிஸ்ஸையும் கூட்டிக்கொண்டு தாழ்வுபாட்டுக்குப் போவேன். உன் மகளுக்கு முன்னால் வைத்து எல்லாவற்றையும் சொல்லச் சொல்வேன். பிறக்கப்போகிற பிள்ளையை நான் ஒருதரம் கையில் ஏந்தவேண்டும், அவ்வளவுதான் எனக்கு வேண்டியது. ஆனால் கையில் பையும் இல்லை, கூடும் இல்லை, இரவுச் சாப்பாட்டுக்கு ஆட்கள் வேறு. நாளைக்கு விடிய அன்ரனின் ஓட்டோவில் வந்து ஏற்றலாம் என்று விட்டேன்.

திரும்பும்போது பிலோமினா கச்சான் கடலைக் கடையடியில் நின்றாள். என்னைக் கண்டாள், தாராவைக் கண்டாள், தாராவை நான் பார்த்துக்கொண்டு நின்றதையும் கண்டாள். "ஓ... பாத்துக்கொண்டு நிக்கிறியோ?" என்றாள். நான் "ஓம், பாத்தனான்" என்றேன்.

விடிய மிஸ்ஸோடு போனபோது கொண்டைக்காரி சீமெந்து வாங்கின் கீழ் கிடந்தாள். நாய் தலையில்தான் கடித்திருந்தது. மிஸ் குனிந்து விரலால் இறகை விலக்கிக் காட்டினா. கொண்டை இருக்கிற தாராவுக்கு அதன் கீழே மண்டையோடு சரியாக மூடியிருக்காதாம். ஓட்டை. அந்த ஓட்டையை மூட வந்த கொழுப்புக்கு மேல் முளைத்த இறகைத்தான் நீயும் நானும் ஊரும் வடிவு என்று பார்த்துக்கொண்டிருந்தோம். லேசாகப் பட்டாலே போதுமாம். மற்றவை சிதறிப்போயிருந்தன. தண்ணீருக்கு நடுவில் பேபி மட்டும் தனியாக நின்று, அடைத்த தொண்டையால் கத்திக்கொண்டிருந்தது.

"வெளிக்கிடுவம், மிஸ்," என்றேன். "செத்ததைக் கொண்டுபோய் என்ன செய்யப்போறீங்கள்?" என்று கேட்டா. "நீங்கள் வந்து வாயால சொன்னாக் காணும்," என்றேன். அவவுக்கு விருப்பமில்லை. ஆனாலும் வந்தா. அதற்கு முதல் பேபியைக் கரைக்குக் கூப்பிட்டுப் பிடித்து ஓட்டோவின் பின்னால் கூடைக்குள் போட்டேன். அன்ரனின் கையைக் கடித்தது.

எங்களுக்கு முதலே செய்தி தாழ்வுபாட்டுக்குப் போய்விட்டது. பிலோமினாவின் போன் நாயைவிட வேகம். அத்தான் படலையடியில் நின்றார். மிஸ் எல்லாவற்றையும் ஒன்றும் விடாமல் சொன்னா, வகுப்பில் சொல்கிற மாதிரி. அத்தான் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"மிஸ், நீங்கள் படிச்ச ஆள். நான் இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனா இவ நேற்றுப் போய்ப் பாத்தவ. இண்டைக்கு அது செத்துக் கிடக்கு. அதுக்கு என்ன சொல்லுறீங்கள்?"

"நாய் கடிச்சது, ஐயா."

"நாய் இவ்வளவு நாளும் எங்க போனது?"

அந்தக் கேள்வியைப் பல்கலைக்கழகத்தில் ஒருவரும் கேட்டிருக்கமாட்டார்கள்.

அப்போதுதான் வாசல் திரைச்சீலைக்குக் கீழே இரண்டு கால்களைக் கண்டேன். வீங்கின கால்கள், அத்தானின் செருப்பைப் போட்டுக்கொண்டு. டிலக்சி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறாள். வெளியே வரவில்லை. திரைக்குப் பின்னால் இருந்தே கேட்டாள்:

"சின்னம்மா, அப்ப அந்தக் குஞ்செல்லாம் அம்மாவாலதான் செத்ததோ?"

அத்தான் என் முகத்தை நேராகப் பார்த்தார். படலையில் நீ என்னைத் துரத்திய நாளுக்குப் பிறகு அவர் என் கண்ணைப் பார்த்தது அன்றைக்குத்தான். வேண்டாம் என்று தலையை ஆட்டினார். வயிற்றுப்பிள்ளைக்காரியிடம், செத்துப்போன தாயைப் பற்றிச் சொல்லாதே என்கிறார். நியாயம்தான். நீயாக இருந்தால் என்ன சொல்லியிருப்பாய், அக்கா? படலையில் வைத்து நீ எனக்குச் சொன்னபோது ஆர் உனக்குத் தலையை ஆட்டினார்கள்?

"ஓம் பிள்ளை," என்றேன். "உன்ர அம்மாதான். ஒவ்வொரு அடையையும் தானே சாகக் குடுத்துப்போட்டு, பழியை என்ர கண்ணில போட்டவ."

"தெரிஞ்சோ?"

"தெரியாம."

திரைச்சீலை கொஞ்சம் ஆடியது. "அப்ப என்ர முதல் பிள்ளை?" என்றாள்.

"அது வேற, தங்கச்சி," என்று மிஸ் முந்திக்கொண்டு சொன்னா. "கன பேருக்கு நடக்கிறது. அது ஒருத்தராலயும் வாறதில்லை." அவ குரல் அவ்வளவு மெதுவாக வரும் என்று எனக்குத் தெரியாது.

நான் ஒன்றும் சொல்லவில்லை. உன்னாலும் இல்லை, என்னாலும் இல்லை என்று ஒரு வசனம் சொல்லியிருக்கலாம். வாய்க்குள் வந்தும் நின்றது. ஆனால் அந்தக் கேள்வியோடு எத்தனை இரவு நான் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்திருக்கிறேன். நானாக இருக்குமோ, உண்மையிலேயே என் கண்தானோ என்று கண்ணாடிக்கு முன்னால் நின்று என் கண்ணையே பார்த்திருக்கிறேன். உன் மகளும் ஒரு இரவு அதோடு கிடக்கட்டும் என்று விட்டேன். அப்படிப்பட்ட தங்கைதான் நான். உன்னோடு கூடப்பிறந்தவள், வேறெப்படி இருப்பேன்?

கால்கள் உள்ளே போயின. அத்தான் படலையைச் சாத்தினார். விடுதியில் இறங்கும்போது மிஸ், "நீங்கள் தாயைப் பற்றிச் சொல்லாம விட்டிருக்கலாம்," என்றா. கணக்கில் வராது என்று சொன்ன வாய்தான். "ஓம் மிஸ், விட்டிருக்கலாம்," என்றேன்.

உனக்குப் பேத்தி பிறந்திருக்கிறாள், அக்கா. சுகப்பிரசவம். எனக்கு அதைச் சொன்னது மீன்காரன்.

நீ செத்த வருடத்துக்குள் கொண்டாட்டம் கூடாது என்று ஞானஸ்நானத்தைத் தள்ளிவைத்தார்கள். உன் ஆண்டு நினைவுத் திருப்பலியும் அவளுடைய ஞானஸ்நானமும் வருகிற ஐப்பசியில் ஒரே நாளில். காலமை உனக்கு அழுவது, மத்தியானம் அவளுக்குச் சிரிப்பது, இரண்டுக்கும் ஒரே சமையல். அத்தானின் யோசனை என்று சொல்லத் தேவையில்லை. இத்தனை மாதத்தில் பிள்ளை கவிழ்ந்து, தவழ்ந்து, இப்போது இருக்கவும் தொடங்கிவிட்டாளாம். நான் இன்னும் காணவில்லை.

போன கிழமை டிலக்சியிடமிருந்து என் போனுக்கு ஒரு படம் வந்தது. கீழே ஒரு வரி: "சின்னம்மா, ஞானஸ்நானத்துக்கு வாங்கோ." பிள்ளைக்கு உன் மூக்கு. நம் அம்மாவின் நாடி. நெற்றியில் ஒரு பெரிய கறுப்புப் பொட்டு. கன்னத்தில் இன்னொன்று. உள்ளங்காலில் மற்றொன்று, காலைத் தூக்கிப் பிடித்து அதுவும் தெரியும்படி எடுத்திருந்தாள்.

பிள்ளைகளுக்குப் பொட்டு வைப்பதுதானே என்று நினைத்தேன். அன்று பின்னேரம் சந்தையில் பிலோமினாவைக் கண்டேன். அவளுக்கும் படம் வந்திருந்தது, பெருமையாகக் காட்டினாள். அதே சட்டை, அதே பாய், அதே சிரிப்பு. பொட்டு இல்லை. ஒன்றுகூட இல்லை. எனக்கு அனுப்புவதற்கென்று தனியாகப் பொட்டு வைத்துத் தனியாகப் படம் எடுத்திருக்கிறாள் உன் மகள்.

நான் பிலோமினாவுக்கு முன்னால் அழவில்லை. வீட்டுக்கு வந்து அன்ரனிடம் படத்தைக் காட்டினேன். அவர் பார்த்துவிட்டு, "அப்ப போகாத," என்றார். உன் மகள் மிஸ் சொன்னதை நம்பித்தான் என்னைக் கூப்பிட்டிருக்கிறாள். நீ சொன்னதை நம்பித்தான் பொட்டு வைத்திருக்கிறாள். படித்த ஒருத்தி ஒரு காலையில் சொன்னது, பெற்ற தாய் வருடக்கணக்காய்ச் சொன்னதை வெல்லுமா? உன் சொல் உன்னைவிட உறுதியான உடம்போடு இருக்கிறது, அக்கா. அதற்குச் சிறுநீரகமும் பழுதாகவில்லை.

பேபி என்னோடு இருக்கிறது. விடுதிப் பின்வளவில் மீன் கழுவுகிற தண்ணீரில் அளைந்துகொண்டு திரிகிறது. முட்டை இல்லை. நான் சிறகை வெட்டுவதில்லை. பழைய இறகு கொட்டிப் புதியது வளர்ந்துவிட்டது. ஒருநாள் எழும்பி மதிலில் ஏறி நின்றது. போய்விடும் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் ரோட்டைப் பார்த்துவிட்டு, இந்தப் பக்கமே குதித்தது. அதன் பெயரை மாற்றவா என்று அன்ரன் கேட்டார். வேண்டாம் என்றேன்.

நான் போவேன், அக்கா. இதை உனக்கு வாக்காகச் சொல்கிறேன். புதுக் கண்ணாடிக்கு அளவு கொடுத்திருக்கிறேன், அதைப் போட்டுக்கொண்டு வருவேன். உன் பூசைக்குப் பின்வரிசை வாங்கில் இருந்து அழுவேன். ஞானஸ்நானத்துக்கு முன்வரிசை வாங்குக்கு வருவேன். எனக்குப் பக்கத்தில் இருக்கிறவர்கள் எழும்பிப் போனால் போகட்டும், இடம் தாராளமாக இருக்கும். சுவாமி தண்ணீர் ஊற்றும்போது, பொட்டெல்லாம் கரைந்து ஓடும்போது, இந்த இரண்டு கண்ணாலும் இமை வெட்டாமல் அவளைப் பார்ப்பேன். எல்லோருக்கும் கேட்கும்படி, "என்ன வடிவு!" என்று சொல்வேன்.

அடுத்த வருடமும் பார்ப்பேன். பல்லு முளைத்தால் பார்ப்பேன், பள்ளிக்கூடம் போனால் பார்ப்பேன், பெரிய பிள்ளையானால் பார்ப்பேன். நான் பார்க்கப் பார்க்க அவள் கொழுத்து வளர்வாள். ஊர் அதைப் பார்க்கும். நீ அங்கே இருந்துகொண்டு, வாய் திறக்க வழியில்லாமல், அதைப் பார்த்துக்கொண்டே இரு.

முட்டை இடாத உன் தங்கை,
பேபி